கண்டல் காடுகளும் நமது அமானிதமும்

  

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக அமையும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடமாகும். அந்தப் பயன் பிற உயிர்களைச் சென்றடைய வேண்டுமாயின், நட்ட கன்று வளர வேண்டும். நமது நாட்டின் களப்போரங்களில் நிற்கும் கண்டல் காடுகளின் விடயத்தில் இந்த உண்மையை நாம் ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கண்டல் மரத்தின் மிண்டி வேர்களுக்கிடையில் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் அடைக்கலம் பெறுகின்றன. ஆறுகள் கொண்டுவரும் சேற்றை அவ்வேர்கள் தடுத்து நிறுத்துவதனால், கடற்புற்படுக்கைகளும் முருகைக்கற்பாறைகளும் காக்கப்படுகின்றன. உதிரும் இலைகளும் மடிந்த வேர்களும் ஒட்சிசன் குறைந்த சேற்றினுள் புதைந்து, மிக மெதுவாகவே உக்குகின்றன. இதனால் மரம் காற்றிலிருந்து பெற்ற காபன், நூற்றாண்டுகள் கடந்தும் மண்ணில் தங்குகிறது. காட்டை அழித்து அச்சேற்றைத் தோண்டினால், அந்தக் காபன் மீண்டும் காற்றில் கலந்து பூமியை வெப்பமாக்குகிறது.

புத்தளம் மாவட்டத்தில் நடந்தது இதுவே. 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியதும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. இலாபம் போயிற்று, காடும் போயிற்று, வெறும் குளங்களே எஞ்சின.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியை மருதமுனையும் சாய்ந்தமருதும் கிண்ணியாவும் எவ்வாறு மறக்கும்? அதன் பின்னர் கரையோரமெங்கும் கண்டல் கன்றுகள் ஆர்வத்துடன் நடப்பட்டன. எந்தக் காடும் பேரலைக்கு முழுமையான அரணாகாது. எனினும் அடர்ந்த கண்டல் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும். ஆகவே அந்த ஆர்வம் நியாயமானதே. ஆனால் விளைவு என்ன?

23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நடப்பட்ட ஏறத்தாழ 1,000 முதல் 1,200 வரையான ஹெக்டெயரில் 200 முதல் 220 ஹெக்டெயர் மாத்திரமே வெற்றியளித்ததாகக் கூறுகிறது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பொருத்தமற்ற இடத்தில் நட்டமையும், நட்டபின் பராமரிக்காமையும் முக்கிய காரணங்களாகும். நீர் வற்றாத தாழ்நிலத்தில் நட்ட கன்றுகள் மூழ்கி மடிந்தன. வேறு சில இடங்களில் கால்நடைகள் அவற்றை மிதித்தன.

அன்பார்ந்தவர்களே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கன்றை ஊன்றிப் புகைப்படம் எடுத்துவிட்டுத் திரும்புவது அமானிதத்தைப் பேணுவதாகாது. முதலில், இன்று நிற்கும் காட்டை வெட்டாமலும் குப்பை கொட்டாமலும் காப்போம். அடுத்து, அழிந்த இடத்தில் கடல்நீர் முன்புபோல் வந்து வடிய வழிசெய்வோம். அணைகளைத் திறந்து நீரோட்டத்தைச் சீர்செய்தால், அருகிலுள்ள காட்டின் விதைகள் பல இடங்களில் தாமாகவே வந்து முளைக்கும். விதை வராத இடத்தில் மாத்திரம், அந்நிலத்திற்குரிய இனத்தை நட்டு, பல ஆண்டுகள் கவனிப்போம். கடற்புல் வளரும் இடத்தில் கண்டலை நடுவது தவறு என்பதையும் மனதிற் கொள்வோம்.

2024இல் ஐக்கிய நாடுகள் சபை, இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டால் திருத்த முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

இளைஞர்களே! உங்கள் ஊர்க் களப்போரத்தில் நடப்பட்ட கன்றுகளை மாதந்தோறும் சென்று எண்ணுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நட்டவற்றின் தொகையைவிட, எஞ்சி வளர்ந்தவற்றின் தொகையே பெறுமதியானது.

ஒப்படைக்கப்பட்ட பூமியைப் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.