நிலவறையில் ஒரு சட்டக் கல்லூரி



"இடமில்லை" என்று ஒரு சொல் இருக்கிறது. பேருந்திலே அதைக் கேட்டால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறோம். நாடகக் கொட்டகையிலே கேட்டால் மறுநாள் ஆட்டத்துக்கு வருகிறோம். கல்லூரி வாயிலிலே கேட்டால்? இளைஞன் தலைகவிழ்ந்து வீடு திரும்புகிறான். தாய் அவன் முகத்தைப் பார்க்கிறாள். தந்தை, "தலையெழுத்து!" என்கிறார். தலையிலே எழுதியவன் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால், தாளிலே எழுதிக் கையொப்பமிட்டவர் யாரென்று தெரியுமே! அவரிடம், "ஏன்?" என்று கேட்கலாமன்றோ?

கேட்டார் ஒருவர். அவர் அரசரல்லர், அமைச்சரல்லர். வீடுவீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரர். ஊர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன். பெயர், ஹீமன் மேரியன் ஸ்வெட்.

கல்லூரிப் பட்டம் பெற்றவர், சட்டம் பயில விரும்பினார். 1946 பிப்ரவரித் திங்களில், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தலைவர் பெயின்டரிடம் விண்ணப்பத்தை நீட்டினார். மறுத்தனர். அறிவிலே குறையோ? இல்லை. படிப்பிலே குறையோ? இல்லை. தகுதியெல்லாம் இருக்கிறது, கறுப்பர் என்பது ஒன்றே தடை என்று பல்கலைக்கழகத் தலைவரே மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதினார்!

தோழர்களே, அந்த ஒரு வரியிலேதான் வழக்கின் உயிர் இருந்தது. காரணம் வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் காற்றிலே கரைந்திருக்கும். ஏட்டிலே ஏறியதால் வழக்குமன்றம் வரை வந்தது. ஸ்வெட்டுக்காக வாதாட வந்தவர் தர்குட் மார்ஷல்.

மாவட்ட வழக்குமன்றம் என்ன செய்தது? மறுத்தது தவறு என்றது. ஆனால், உடனே சேர்த்துக்கொள் என்று கட்டளையிடவில்லை. கறுப்பருக்கென்று தனிச் சட்டக் கல்லூரி அமைக்க, மாநிலத்துக்கு ஆறு மாதத் தவணை தந்தது. நோயாளி கதவைத் தட்டுகிறான், மருத்துவமனையோ, "பொறு, உனக்கென்று தனியாக ஒரு குடிசை கட்டுகிறோம்" என்கிறது!

கட்டினார்கள். 1947இல் ஆஸ்டின் நகரிலே ஒரு கட்டடத்தின் நிலவறையிலே கல்லூரி திறந்தார்கள். தனக்கென ஆசிரியர் கிடையாது. பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் வந்து பாடஞ்சொல்லிப் போக ஏற்பாடு. 10,000 நூல்களுக்கு ஆணை அனுப்பியிருந்தனர். வந்து சேர்ந்தவை சில. முழுநேர நூலகர் இல்லை. ஏற்புப் பெற்ற கல்லூரி என்ற தகுதியும் இல்லை.

"இதோ கல்லூரி, இதோ நாற்காலி, வந்து அமர்" என்றனர். ஸ்வெட் போகவில்லை!

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததை விடு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனினும், அன்று அவர் அந்த நாற்காலியிலே அமர்ந்திருந்தால் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும். மிரட்டல் வந்தது, உடல் நலிந்தது, கீழ்மன்றங்கள் அடுத்தடுத்துக் கைவிட்டன. அவர் தளரவில்லை.

நான்காண்டுகள் உருண்டன. நிலவறைக் கல்லூரி மறைந்து, ஹூஸ்டனில் சற்றே பெரிய கல்லூரி எழுந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டையும் தராசிலே வைத்தது. ஒரு தட்டிலே, 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000க்கு மேற்பட்ட நூல்கள். மறு தட்டிலே, 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 நூல்கள்.

எண்ணிக்கையோடு நின்றிருந்தால், இன்னும் கொஞ்சம் புத்தகம் வாங்கிப் போட்டுத் தப்பியிருப்பார்கள். நீதிமன்றம் எண்ண முடியாதவற்றையும் எண்ணிப் பார்த்தது. ஆசிரியரின் புகழ், பழைய மாணவரின் செல்வாக்கு, நிறுவனத்தின் மரபு ஆகியவற்றைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா? மேலும், மாநில மக்களில் 85 விழுக்காட்டினரை விலக்கிவைத்த கல்லூரியிலே படித்தவர், நாளை அந்த மக்களே நீதிபதியாகவும் சாட்சியாகவும் வந்து நிற்கும் மன்றத்திலே எப்படி வாதாடுவார்?

1950 ஜூன் 5ஆம் நாள், தலைமை நீதிபதி வின்சன் ஒருமனதான தீர்ப்பை வழங்கினார். பல்கலைக்கழகம் ஸ்வெட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்! 1896 முதல் அந்நாட்டை ஆண்டுவந்த "தனித்தனி, ஆனால் சமம்" என்னும் கோட்பாட்டிலே விரிசல் விழுந்தது. 1954இல், பள்ளிகளிலே நிறப்பிரிவினை செல்லாது என்று அதே மன்றம் தீர்ப்பளித்தபோது, இந்தத் தீர்ப்பையும் துணைக்கு அழைத்தது.

ஸ்வெட் வழக்கறிஞரானாரா? இல்லை! 1950இல் சேர்ந்தார், உடல்நலமும் இல்வாழ்வும் குலைந்தன, 1952இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் அட்லாண்டாவிலே சமூகப்பணி பயின்று, தம் மக்களுக்குத் தொண்டாற்றி, 1982இல் மறைந்தார். "அப்படியானால் தோற்றார்தானே?" என்று கேட்பவருக்கு விடை சொல்லட்டும் ஆஸ்டின் நகரம்! அவர் வழக்கு நடந்த மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துக்கு, 2005இல் அவர் பெயரையே சூட்டினார்கள். வாதாடிய மார்ஷலோ, 1967இல் உச்ச நீதிமன்றத்திலேயே நீதிபதியாக அமர்ந்தார். அம்மன்றம் கண்ட முதல் கறுப்பின நீதிபதி அவர்.

பட்டம் பெறாத நான், பட்டம் பெறாத அவரைப் பற்றி இவ்வளவு பேசுவதேன்? நம் கிளை நிலையங்களுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். "அண்ணா, இடமில்லை என்றுவிட்டார்கள்" என்று கண்கலங்குகிறார்கள். மறுப்பெல்லாம் அநீதியன்று. மதிப்பெண் குறைந்திருந்தால், "அடுத்த ஆண்டு முயல்க, நாங்கள் துணை நிற்கிறோம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஆனால், காரணத்தை எழுத்திலே கேட்க அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். எந்த விதிப்படி மறுத்தார்கள், அந்த விதி எல்லோருக்கும் ஒன்றா என்று கேட்கச் சொல்லுங்கள். குறித்த நாளுக்குள் மேல்முறையீடு போய்ச் சேர உடனிருங்கள். அந்த மனுவிலே கண்ணீர் வேண்டாம், காரணம் வேண்டும். கருணை கேட்பவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தாலும் கிடைக்கும். நியாயம் கேட்பவன் பின்னால் வருவோர்க்கெல்லாம் கதவு திறக்கும்!

கடிதம் சுமந்த தபால்காரர், தமக்கு வந்த மறுப்புக் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அனுப்பியவருக்கே திருப்பினார். தோழர்களே, முகவரி தெரிந்தால் போதும். கேட்போம்!