கணிப்பொறிக் கூடத்தில் ஒரு கைத்தொழில்

கைத்தொழிலைக் கற்பிக்கும் முறை ஒன்று, நூற்கல்வியைக் கற்பிக்கும் முறை மற்றொன்று என்று நாம் நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தச்சனுடைய மகன் உளியைப் பிடித்த பிறகே உளி வகைகளின் பெயர்களை அறிகிறான். கல்லூரி மாணவனோ பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்து, சில வேளைகளில் தேர்வும் எழுதி முடித்த பிறகே பொருளைக் கண்ணால் காண்கிறான். இணையப் பக்கங்களை வடிவமைக்கும் கலை இவ்விரண்டில் எதைச் சார்ந்தது? கணிப்பொறியோடு தொடர்புடையதாகலின் நூற்கல்வி என்றே பலரும் கருதுகின்றனர். அது கைத்தொழில் என்பது என் கருத்து. அக்கருத்து எனக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பணி ஓய்வு பெற்ற பின்னர், எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் மாலை வேளைகளில் நடந்த செய்முறை வகுப்பில் மாணவனாகச் சேர்ந்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவனுக்கு, வேறொருவர் பாடம் நடத்துவதைப் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. என்னுடன் பயின்றோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். இப்பாடத்தை முன்பே ஒரு பருவம் படித்தவர்கள். மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, அழகாக அட்டை போட்டு, கையொப்பமும் வாங்கி வைத்திருந்தார்கள். தாமே ஒரு பக்கத்தை ஆக்கித் திறந்து பார்த்தவர் அவர்களுள் மிகச் சிலரே.

இக்கலையின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் என்னும் அணு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பவர், ஆய்வாளர்களின் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை 1989ஆம் ஆண்டு எழுதிக் கொடுத்தார். அதுவே வலையாக வளர்ந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிலையம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இதனினும் எனக்கு வியப்பளித்த செய்தி வேறொன்று. உலாவியில் நாம் காணும் எந்தப் பக்கமாயினும், அதன் மூல எழுத்தைத் திறந்து பார்க்க வழி உண்டு. தன் பட்டறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் பொற்கொல்லரைப் போன்றது இத்தொழில்.

முதல் நாள் மாலை விரிவுரை எதுவும் இல்லை. நோட்பேட் என்னும் எளிய எழுதுகருவியைத் திறந்து, கரும்பலகையில் இருந்த பத்து வரிகளைத் தட்டெழுதி, உலாவியில் திறக்கச் சொன்னார் விரிவுரையாளர். எனக்கு அடுத்து அமர்ந்திருந்த மாணவியின் திரையில் ஒன்றுமே தோன்றவில்லை. வெள்ளைத் தாள் போல் இருந்தது. அப்பெண் மூன்று முறை திறந்து மூடிவிட்டு, கணிப்பொறி பழுது என்று எழுந்து நின்றாள். விரிவுரையாளர் அருகில் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உலாவியின் மேல் விளிம்பில் என்ன தெரிகிறது, படி அம்மா" என்று மட்டும் கேட்டார். அவள் படித்தாள். பக்கத்தின் நடுவில் வரவேண்டிய சொற்கள் தலைப்புப் பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சிறிது நேரம் சென்றது. "ஐயா, டைட்டிலை மூடவில்லை!" என்று கூவினாள்.

நடந்தது இதுதான். எச்டிஎம்எல் என்னும் குறிமொழியில் பெரும்பாலான பகுதிகளுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உண்டு. மாணவர் அவற்றை டேக் என்பர். தலைப்பின் முடிவுக் குறியை இடாவிட்டால், பின்வருவன யாவும் தலைப்பே என்று உலாவி எடுத்துக்கொள்ளும். ஆயின் பத்தியின் முடிவுக் குறியை விட்டுவிட்டால் யாதொரு கேடும் நேராது. உலாவி தானே ஊகித்துச் சரிசெய்துகொள்ளும். எந்தப் பிழையை உலாவி பொறுக்கும், எதைப் பொறுக்காது என்பதை ரெக்கார்டு நோட்டு சொல்லாது. அந்த வெள்ளைத் திரை சொல்லிற்று. அன்று அவ்விரிவுரையாளர் தம் கையை நீட்டி அக்குறியைத் தாமே இட்டிருப்பாரேயானால் வேலை அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். கல்வியும் அங்கேயே முடிந்திருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது ஆசிரியத் தொழிலில் மிகக் கடினமான பயிற்சி என்பதை உடன் தொழில் செய்தோர் அறிவர்.

இது புதிய கருத்தன்று. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதனைச் சுற்றியே பிற பாடங்களைக் கற்பிக்கவேண்டும் என்றார் காந்தியடிகள். ஆதாரக் கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டத்தில் தக்ளியும் இராட்டையும் இருந்தன. பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் அதனைப் பத்து மதிப்பெண் வினாவாகவே படித்தோம் என்பது வேறு கதை.

இனி அவ்வகுப்பின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒருவருக்குப் பயன்படும் பக்கம் ஒன்றைச் செய்யவேண்டும் என்பது கட்டளை. பொருளற்ற இலத்தீன் சொற்களை இட்டு நிரப்பும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. அது கூடாது, உண்மையான தமிழ்ச் செய்தியே வேண்டும் என்றார் விரிவுரையாளர். இந்த ஒரு நிபந்தனையின் பயன் பெரிது. ஆங்கிலத்துக்கென்று வகுத்த பொத்தான்களில் நம் சொற்கள் அடங்கவில்லை. 'தொடர்புகொள்ள' என்பது பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருபுறமும் ஓரம் சமமாக அமைத்த பத்தியில், நீண்ட சொற்களுக்கிடையே பல் விழுந்த வாய் போல் இடைவெளிகள் தோன்றின. மேல்விலங்கும் கீழ்விலங்கும் உடைய நம் எழுத்துக்கு வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும் என்பதை மாணவர் கண்ணால் கண்டு திருத்தினர். தோற்றத்தை ஆளும் சிஎஸ்எஸ் என்னும் விதித்தொகுதி 1996ஆம் ஆண்டு முதலாகத் தரப்படுத்தப்பட்டது. அதில் ஓர் எண்ணை மாற்றினால் பக்கம் முழுதும் மாறுகிறது. மாற்றிப் பார், மீண்டும் மாற்றிப் பார் என்பதே பாடம்.

ஒரு மாணவன் தன் ஊர்ப் பேருந்து நேரங்களைப் பக்கமாக்கினான். நிலையத்துப் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து அப்படியே இட்டு, அதற்குப் 'பேருந்து நேரம்' என்று விளக்கச் சொல்லும் கொடுத்திருந்தான். பார்க்க அழகாகவே இருந்தது. விரிவுரையாளர் திரையை அணைத்துவிட்டு, என்விடிஏ என்னும் திரைபடிப்பானை இயக்கினார். பார்வையற்றோர்க்குத் திரையிலுள்ளதைக் குரலாகச் சொல்லும் கருவி அது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்னும் பார்வையற்ற இருவரின் முயற்சியால் 2006ஆம் ஆண்டு முதல் உருவாகி, இலவசமாகக் கிடைக்கிறது. அக்குரல் 'பேருந்து நேரம்' என்னும் இரு சொற்களைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டது. எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு என்பது ஒன்றுமில்லை. கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. அம்மாணவன் மெல்ல, "எங்கள் பெரியப்பாவுக்குக் கண் தெரியாது, ஐயா" என்றான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் புறப்படவில்லை. படத்தை நீக்கி, வரி வரியாகத் தட்டெழுதி அட்டவணை அமைத்தான். புறப்படும் இடம், சேரும் இடம், நேரம் என்று தலைப்புகளை முறைப்படி குறித்தான். இப்பொழுது குரல் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் தலைப்பையும் சேர்த்துச் சொல்லிற்று. கைப்பேசியின் சிறு திரையில் அட்டவணை அடங்காமற்போகவே, மறுநாள் அதற்கும் ஒரு வழி கண்டான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கும் எட்டவேண்டும் என்கிறது. சட்டத்தின் பெயரை அவன் தேர்வுக்குப் படித்திருக்கக்கூடும். அட்டவணை செய்தது சட்டத்துக்காக அன்று.

இக்காலத்தில் இவ்வளவு துன்பம் எதற்கு, செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டால் நொடியில் பக்கம் ஆக்கித் தருமே என்று கேட்பர். தருகிறது, எங்கள் வகுப்பிலும் ஒருவர் கொண்டுவந்தார். வெள்ளை நிறத்தின் மேல் வெளிர்சாம்பல் எழுத்து. என் வயதுக் கண்களுக்கு அது புகைமூட்டம். பின்புலத்துக்கும் சிறிய எழுத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்று உலக வலைத் தர அமைப்பின் வழிகாட்டி 2008ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. குறையைக் கண்டு ஒரே வரியில் திருத்தியவள், முதல் நாள் வெள்ளைத் திரையோடு போராடிய அப்பெண்ணே. கருவியின் வேலையை மேற்பார்க்க, வேலை தெரிந்தவர் வேண்டும். கொத்தனாரிடம் வேலை வாங்குவதற்கும் கரணை பிடித்த கை வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இப்பாடத்துக்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. நோட்பேடும் உலாவியும் பழைய கணிப்பொறியிலும் உண்டு. கற்கும்பொழுது இணைய இணைப்பும் கட்டாயமன்று. செய்முறைத் தேர்வில் எழுதிய நோட்டுக்கு மதிப்பெண் இடுவதை விடுத்து, பிழையுள்ள பக்கம் ஒன்றைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சீர்ப்படுத்தச் சொல்லலாம். நோட்டைப் பார்த்து எழுத முடியும். வெள்ளைத் திரையைப் பார்த்து எழுத இயலாது. அந்த மாணவன் இப்பொழுது வேலை தேடிக்கொண்டிருக்கிறான். நேர்காணலுக்குச் செல்லும்பொழுது மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பேருந்துப் பக்கத்தையும் திறந்து காட்டுகிறான். சென்ற திங்களில் காலைப் பேருந்தின் நேரம் பத்து நிமிடம் தள்ளிப்போயிற்று. அன்றிரவே ஓர் எண்ணை மாற்றிவிட்டான்.