கிழங்கான் மீனும் நம்ம வீட்டுச் சோறும்

(வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிருக்குத் தழை, மணி, சாம்பல் என்று கணக்குப் பார்த்துச் சத்து கொடுக்கிறோம். வீட்டுச் சாப்பாட்டுக்கு அந்தக் கணக்கு உண்டா? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

தாம்பரம், மாடம்பாக்கம், படப்பை பக்கத்தாருக்குக் கோவளம் கடல் ரொம்பத் தூரமில்லை. கரையோர மணல் பாங்கிலும் முட்டுக்காடு கழிமுகத்திலும் கிடைக்கிற மீன் கிழங்கான். ஒல்லியாக, நீளமாக இருக்கும். கொழுப்பு குறைந்த மீன். நூறு கிராம் சதையில் புரதம் சுமார் 19 கிராம். கொழுப்பு 2 கிராம்கூட இருக்காது. சீக்கிரம் செரிக்கும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவங்களுக்கும் ஏற்றது.

அரிசியில் புரதமும் குறைவு, அதில் லைசின் என்கிற சத்தும் குறைவு. மீனில் அது நிறைய உண்டு. சோற்றின் குறையை மீன் ஈடுகட்டும். அயோடினும், செடிகொடியில் கிடைக்காத பி12 வைட்டமினும் கூடவே கிடைக்கும்.

ஒரு கிலோ வாங்கினால் தலை, குடல், முள் போக அரைக்கிலோ சதை மிஞ்சும் என்று வையுங்கள். அதில் 90 கிராமுக்கு மேல் புரதம். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று முட்டைக்குச் சமம்.

ஆனால் பங்கு சரியாகப் போகிறதா? நடவுக்குப் போய்வந்த ஓர் அம்மாவிடம், "உங்க தட்டில் மீனைக் காணோமே?" என்றேன். "எனக்குக் குழம்பே போதும் சார்" என்றார். புரதம் பெரும்பாலும் சதையில்தான் இருக்கிறது, குழம்பில் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவருக்கும் முதல் துண்டு போகவேண்டாமா?

வாங்கும்போது கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கணும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக்கூடாது. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் கொழுப்பு குறைந்த மீன் என்ற பலனே போச்சு. குழம்பு வையுங்கள், அல்லது ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்யுங்கள். குழந்தைக்கு முள் பார்த்துக் கொடுங்கள்.

ஒன்று சொல்லணும். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு மத்தி போன்ற கொழுப்பு மீனில்தான் அதிகம். ஒரு வாரம் கிழங்கான், மறுவாரம் மத்தி என்று மாற்றி வாங்குங்கள்.

அடுத்த முறை மீன் வாங்கினால், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு வையுங்கள்.