திறவாக் கதவின் முன்



கெங்குவார்பட்டியைக் கடந்து பெரியகுளம் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோருக்கு வலப்புறத்தே கொடைக்கானல் மலைத்தொடர் உடன் வந்துகொண்டேயிருக்கும். அம்மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது தலையாற்று அருவி. எலிவால் அருவி என்றால்தான் பலருக்கும் விளங்கும். அந்நீர் மஞ்சளாறாகச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில், தேவதானப்பட்டிக்கு அருகே, மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள்.

ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்த பெட்டியை மூங்கிற்புதர் ஒன்று அணைத்து நிறுத்தியது. அதனுள் அம்மன் இருந்தாள் என்பது தலவரலாறு. அணை என்னும் சொல் தடுத்தலையும் தழுவுதலையும் ஒருங்கே சுட்டும். அருகிலேயே 57 அடி நீர்மட்டம் கொண்ட மஞ்சளாறு அணையும் இருக்கிறது. பாவம், அதற்குத் தடுக்க மட்டுமே தெரியும்.

இக்கோயிலுக்குப் பாடல் புனைய வரும் புலவர் முதலில் திகைத்தே நிற்பார். கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. மாலை கதவுக்கு, தீபாராதனையும் கதவுக்கே. தேங்காயை உடைப்பதில்லை, வாழைப்பழத்தை உரிப்பதில்லை, முழுமையாகவே படைக்கிறார்கள். மூடியிருப்பதை மூடியவாறே ஏற்றுக்கொள்ளும் தெய்வம் இவள். விளக்கு நெய்யால் எரிகிறது. நேர்ந்துகொண்டோர் கொணரும் நெய் பானை பானையாகச் சேர்கிறது. தில்லையிலேனும் திரை விலகும், பொன் வில்வமாலை தொங்கும் வெளி காட்டப்பெறும். இங்கே அதுவும் இல்லை.

புலவருக்குச் சோதனை இங்கேதான் தொடங்குகிறது. காமாட்சி என்றதும் கரும்பு வில்லும் மலர்க்கணையும் பாசமும் அங்குசமும் தாமாகவே ஏட்டில் வந்து அமர்ந்துகொள்ளும். அவை காஞ்சியில் பதுமாசனத்தில் வீற்றிருப்பவளுக்கு உரியவை. மஞ்சளாற்றங்கரையில் எவர் கண்டார்? பாதாதிகேசம் பாடப் பாதமும் தெரியவில்லை, கேசமும் தெரியவில்லை. காஞ்சியின் அழகை இரவல் வாங்கி இக்கதவின் மேல் ஒட்டுவது, சந்தம் எவ்வளவு சிறந்திருப்பினும், பொய்யே ஆகும். காணாததைக் கண்டதாகப் பாடாமலே பக்தியைப் பாட இயலுமா? இயலும் என்றால், அப்பாட்டில் கதவும் நெய்விளக்கும் காத்து நிற்போரின் முகங்களும் அல்லவா இடம்பெற வேண்டும்?

மாசித் திங்களில், சிவனுக்குரிய மகாசிவராத்திரியே இந்த அம்மனுக்குத் திருவிழாவாகிறது. சுற்றுப்பட்டிகளிலிருந்து கூட்டம் திரளும். களத்துமேட்டிலிருந்து வந்த மூதாட்டி ஒருத்தி நெய்க்கலயத்தைக் கொடுத்துவிட்டு, கதவின் முன் இமைப்பொழுது நின்று வெளியே வருவாள். என்ன செய்து வந்தாய் என்று கேட்டால், “ஆத்தாளப் பாத்துட்டு வந்தேன்” என்பாள். மூடிய கதவைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டாள். உவமையும் இல்லை, அடைமொழியும் இல்லை. அந்தப் ‘பார்த்தல்’ எத்தகையது என்பதைச் சொல்லும் பாட்டு எவரிடமேனும் இருக்குமானால், அதனை இந்த அவையிலேயே வாசிக்கக் கேட்பது நலம்.