கள்ளாமையும் உறையுள் தானமும்

(ஐயம்பேட்டையில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவதாகிய கள்ளாமையைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். எல்லா ஊர்களிலும் இன்று கேட்கும் குறை ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் காணோம். தெருக்குழாயின் பித்தளைத் திருகு போயிற்று. திண்ணையில் வைத்த செப்புக்குடம் மறைந்தது. இழந்தவர் வருந்துவது இயல்பே. ஆயின், அவருடைய ஐயம் உடனே எங்கே செல்கிறது? பேருந்து நிலையத்திலும் கடை வாசலிலும் இரவில் படுத்துறங்கும் வீடற்றோர் மீதே செல்கிறது. அவர்களை ஊரைவிட்டு அகற்றினால் திருட்டு ஒழியும் என்ற பேச்சும் எழுகிறது.

இந்தப் பேச்சு உச்சநீதிமன்றம் வரை சென்றதுண்டு. பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்றுவது பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், அம்மக்களிடம் குற்றப்போக்கு மிகுதி என்று அரசுத் தரப்பு கூறியது. மனுதாரர் தரப்பு 1972, 1977, 1979, 1981 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளைக் காட்டி அதனை மறுத்தது. நடைபாதையில் வாழ்வோருள் நூற்றுக்கு 53 பேர் காய்கறி, பூ, பொம்மை போன்றவற்றை விற்றுப் பிழைப்பவர், 38 பேருக்கு மேல் கூலி வேலை செய்பவர், வேலையற்றோர் 1.7 விழுக்காட்டினரே. 1985 சூலையில் வெளிவந்த தீர்ப்பிலேயே இவ்விவரம் பதிவாகியுள்ளது. வாழும் உரிமையில் பிழைக்கும் வழியும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது.

தறி ஒலிக்கும் இந்த ஊரில் வீட்டின் அருமையை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. குழித்தறி வீட்டுத் தரையிலேயே பதிந்திருப்பது. வாடகை கட்ட இயலாமல் வீட்டைக் காலி செய்யும் நெசவாளர் கூரையோடு தறியையும் இழக்கிறார், பிழைப்பையும் இழக்கிறார். வீடற்றோருள் திருடுவோர் எவருமில்லை என்று நான் கூறவில்லை. ஆனால் அவர்களும் திருட்டுக்கு ஆளாகிறவர்களே. பூட்டி வைக்கக் கதவில்லாதவர், பகலெல்லாம் உழைத்த கூலியை மடியில் முடிந்துகொண்டு படுக்கிறார். விடியும்போது அது இருப்பதில்லை. ஆதார் அட்டை போய்விட்டால் மீண்டும் பெறுவதற்குள் அவர் படும்பாடு பெரிது.

இனி, நம் ஆகமம் கூறுவதைக் காண்போம். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை விரதத்தைக் கறைப்படுத்தும் ஐந்து குற்றங்களை எண்ணுகிறது. திருடுமாறு தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், நாட்டின் சட்டத்தை மீறுதல், அளவையிலும் நிறையிலும் வஞ்சித்தல், போலியை நற்பொருளோடு கலந்து விற்றல் என்பன அவை. பித்தளைத் திருகைக் கழற்றியவர் அதை உண்ண முடியாது. அதை வாங்குவதற்குப் பழைய இரும்புக்கடை ஒன்று இருப்பதாலேயே அவர் கழற்றுகிறார். பட்டு நூலை நிறுத்துக் கொடுக்கையில் தராசைச் சாய்ப்பவரும், போலிச் சரிகையை அசல் சரிகை என்று விற்பவரும் இவ்விரதத்திற்குப் புறம்பானவரே. அவர்களுக்கு வீடு உண்டு, கடை உண்டு. ஆகவே அவர்கள்மீது எவர் ஐயமும் செல்வதில்லை.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதற்கு இயைந்தே நிற்கிறது. திருட்டுப்பொருள் என்று அறிந்தே வாங்குவோருக்கு 317ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடித் தண்டனைக்குள்ளாகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை என்கிறது 303ஆம் பிரிவு. திருந்த இடமளிக்கும் சட்டம் இது.

அதே அத்தியாயம் இவ்விரதத்தை நிலைநிறுத்தும் ஐந்து பாவனைகளையும் கூறுகிறது. அவற்றுள் முதல் மூன்றும் உறைவிடம் பற்றியவை என்பதைக் கருத வேண்டும். ஆளில்லாத இடத்தில் உறைதல், பிறர் கைவிட்ட இடத்தில் உறைதல், தான் உறையும் இடத்திற்குப் பிறர் வருவதைத் தடுக்காதிருத்தல் என்பன அம்மூன்று. இவை துறவியர்க்குரியவை என்பது உண்மையே. எனினும் அவற்றின் உட்பொருள் இல்லறத்தார்க்கும் உரியது. பிறர் ஒதுங்கக்கூடிய இடத்தை மறிப்பதும் கள்ளாமைக்கு மாறானதே.

இல்லறத்தார்க்கென்றே சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் நான்கு தானங்களைக் கூறுகிறது. உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றோடு அது எண்ணும் நான்காம் தானம் உறையுள். தமிழ்நாட்டில் இத்தானத்தின் வரலாறு மிகப் பழையது. தமிழ் எழுத்தின் மிகத் தொன்மையான சான்றுகளுள் ஒன்றாகிய மதுரை மாங்குளம் கல்வெட்டுகள், துறவியர்க்குப் பள்ளியும் கற்படுக்கையும் அமைத்துக் கொடுத்த செய்தியையே பேசுகின்றன. கொடுத்தோருள் வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகர் குழுவும் உண்டு. திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பைக் கல்வெட்டு சமணப் பள்ளியோடு தொடர்புடைய இடத்தை ‘அஞ்சினான் புகலிடம்’ என்று குறிப்பதை மயிலை சீனி. வேங்கடசாமி எடுத்துக்காட்டியுள்ளார். அஞ்சி வந்தவரின் குலமும் குற்றமும் கேளாமல் இடமளித்த மரபு நம்முடையது.

நகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், நூறு பேர் தங்கும் காப்பகம் அமைய வேண்டும் என்பது 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறியாக இருந்தது. அரசு செய்யட்டும், நாமும் செய்யலாம். விழா நாள்களில் மட்டும் திறக்கும் மண்டபங்கள் நம்மிடம் உள்ளன. மழைக்கால இரவுகளிலேனும் அவற்றுள் ஒன்றைத் திறந்து வைப்போம். வந்து தங்குவோர் தம் பணத்தையும் அட்டைகளையும் வைத்துக்கொள்ளப் பூட்டும் பெட்டியும் தருவோம். வந்த வழி தெரியாத பொருளை நம் கடைகளில் வாங்குவதில்லை என்று இன்றே உறுதி ஏற்போம். கண்ணால் காணாத திருட்டை எளியவர் தலையில் ஏற்றாதிருப்போம். அவ்வாறு ஏற்றுவது இரண்டாம் அணுவிரதமாகிய வாய்மைக்கும் இழுக்கு.

அன்னதானத்தில் நாம் குறைவைத்ததில்லை. உண்டவர் இரவில் எங்கே படுப்பார் என்றும் இனி எண்ணுவோமாக.

அறம் வளர்க!