கருவும் காலமும்
(நம் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



போற்றித் திருவகவலை நாம் ஓதியிருக்கின்றோம். தாய் வயிற்றிலே உயிரானது மாதந்தோறும் ஒவ்வோர் இடருக்குத் தப்பி வளர்வதை மணிவாசகப் பெருமான் அதிலே எண்ணிக் கூறுகின்றார். கருவுக்கு எல்லா மாதமும் ஒரே தன்மையனவல்ல. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கருக்காலப் பரிசோதனைக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

பிள்ளை குறையின்றிப் பிறக்குமா என்ற ஏக்கம் எந்தத் தாய்க்கும் உண்டு. அதனைத் திட்டமாக அறிய வைத்தியர்கள் இரண்டு வழிகளைக் கையாளுகின்றனர். ஒன்று, நச்சுக்கொடியின் இழையிற் சிறிது எடுத்துச் சோதிப்பது. மற்றையது, குழந்தையைச் சூழ்ந்த பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது.

விரைவில் அறிந்தால் நன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். அந்த அவசரமே கேடாயிற்று. 1991ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் வைத்தியர்கள், 56 முதல் 66 நாள் வரையிலான கருவில் கொடியிழை எடுத்த 289 தாய்மாரின் பிள்ளைகளுள் ஐவருக்குக் கைகால் ஊனம் கண்டதாக அறிவித்தனர். 1998இல் வெளியான கனடா நாட்டு ஆய்வில், பனிக்குட நீரை 13 வாரத்துக்கு முன் எடுத்தபோது நூற்றுக்கு 1.3 பிள்ளைகள் வளைந்த பாதத்துடன் பிறந்தனர். உரிய காலத்தில் எடுத்தபோது அது 0.1 மாத்திரமே. ஆகவே கொடியிழைச் சோதனை 10 வாரம் நிறையும் முன்னும், பனிக்குட நீர்ச் சோதனை 15 வாரம் நிறையும் முன்னும் ஆகாதென விதித்தனர். உரிய காலத்தில், பழகிய கை செய்தால், சோதனையால் கரு சிதைவது இருநூற்றில் ஒன்றுக்கும் குறைவு. குறைவென்றாலும் இல்லையென்று சொல்வதற்கில்லை.

தாயின் இரத்தத்திலே சிசுவின் மரபணுத் துணுக்குகள் உலாவுவதை 1997இல் டெனிஸ் லோ என்பார் கண்டறிந்தார். அதன் பயனாக இன்று 10 வாரமானதும் தாயின் இரத்தத்தைக் கொண்டே டவுன் சின்ட்ரோம் முதலியவற்றின் சாயலை அறியலாம். இதனாற் சிசுவுக்குத் தீங்கில்லை. ஆனால் இது சந்தேகத்தைக் காட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறாது. ஊசிச் சோதனையால் உறுதி செய்யாமல் எம்முடிவுக்கும் வருதல் தகாது.

விடை வந்தபின் என்ன செய்வோம்? இதனைக் கணவனும் மனைவியும் சோதனைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை, தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. எனவே இங்கே அவ்விடை பெரும்பாலும் பயன்படுவது, பிரசவத்துக்கு ஏற்ற வைத்தியசாலையைத் தேடவும், வருகின்ற பிள்ளையை வரவேற்க மனத்தைத் திடப்படுத்தவுமே.

இளைஞர்களே, இவையெல்லாவற்றிற்கும் முந்திய பரிசோதனை ஒன்றுண்டு. அது கலியாணத்துக்கு முன் செய்வது. தலசீமியா என்னும் இரத்த நோயுள்ள பிள்ளைகள் மாதந்தோறும் பிறர் இரத்தம் ஏற்றியே வாழ்கின்றனர். இவர்களுக்கெனக் குருநாகலில் ஒரு நிலையமே இயங்குகின்றது. இந்நோயைத் தாங்குவோருக்குத் தம்மில் ஒரு குறையும் தெரியாது. தாங்குவோர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு கடும் நோய்க்கு இடமுண்டு. மற்றவர் இரத்தம் குறையற்றதாயின் அந்தப் பயமில்லை. மச்சான் மச்சாளுக்குள் சம்பந்தம் செய்வோர் இதனை மேலும் கவனிக்க வேண்டும்.

"இரத்தம் பார்த்தால் சம்பந்தம் குழம்பாதா?" என்று பெற்றோர் அஞ்சுவர். பிறந்தபின் மருமகளைப் பழித்துக் குடும்பம் குழம்புவதைவிட இது மேலல்லவா? பழிக்கவும் நியாயமில்லை, இந்நோய் தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்தாலன்றி வராது. சாதகக் குறிப்புக் கேட்கும் வீட்டில் இரத்தக் குறிப்பையும் கேட்போம். முதலில் மாப்பிள்ளை வீட்டார் தம்முடையதைக் கொடுக்கட்டும். கருவைத் தொடாமல், ஒருயிருக்கும் ஊறு செய்யாமல் முன்கூட்டி அறிய இதுவே வழி. நம் சங்கத்து இளைஞரே இதனைத் தொடங்கி வைப்பாராக.