வாயைப் பார்த்து வாங்குங்கள்

(எமது சங்கத்தின் மரவேலை வகுப்புத் தொடக்க நாளன்று ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் அல்ல. 2008 இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்ததோடு என் படிப்பு முடிந்தது. இங்கே ஜேர்மனியில் தொழிற்சாலையில் மெசின் பார்க்கிறேன். ஆனால் என் அப்பா தச்சுவேலைக்காரர். பிள்ளைகளின் வகுப்புக்கு என்ன சீவுளி வாங்கலாம் என்று தலைவர் கேட்டபடியால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மகள் முதலாம் வகுப்புக்குப் போன வருஷம், அவளுக்குப் படிக்க ஒரு மேசை செய்ய வெளிக்கிட்டேன். கடையில் மலிவாகக் கிடந்த இரும்புச் சீவுளி ஒன்றை வாங்கினேன். நார் நேராக ஓடும் இடத்தில் நல்லாய்த்தான் சீவியது. நார் வளையும் இடம் வந்ததும் பலகை குழி குழியாகப் பிய்ந்தது. அலகைத் தீட்டித் தீட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்பாவின் தொழில் என் கைக்கு வராது என்று நினைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இப்போது கண் தெளிவில்லை. ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "போனைப் பலகைக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு ஒருக்காச் சீவு" எண்டார். சீவினேன். "தம்பி, கிழியிற சத்தம் கேக்குது. வாய் அகலம். ஒடுக்கு" எண்டார்.

சீவுளியின் அடியில் அலகு எட்டிப் பார்க்கிற வெட்டுத்தான் வாய். அலகு நாரைத் தூக்கும்போது, அதற்கு முன்னால் உள்ள அடிப்பாகம் நாரை அமத்திப் பிடிக்க வேண்டும். வாய் அகலமென்றால் பிடிக்க ஒன்றும் இல்லை; வெட்டுமுன்பே நார் கிழிந்துவிடும். மினுக்கி முடிக்கும் வேலைக்கு வாய் அரை மில்லிமீற்றரிலும் குறைவாக இருப்பது நல்லது. தடிப்பாகச் சீவும்போது அவ்வளவு ஒடுக்கமென்றால் சீவல் அடைக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் திறக்க வேண்டும். ஆகவே வாய் இலகுவாகக் கூட்டிக் குறைக்கக் கூடியதாய் இருக்க வேண்டும்.

அப்பாவின் மரச் சீவுளியில் அந்த வசதி இல்லை. அடி தேயத் தேய வாய் அகலும். அவர் பாலை மரத்துண்டைப் பதித்து ஒடுக்குவார். என் இரும்புச் சீவுளி, 1869 இல் ஸ்ரான்லி கம்பனி உரிமை வாங்கிய பெய்லியின் அமைப்பைப் பார்த்துச் செய்தது. அதில் வாயை மாற்ற அலகைக் கழற்றி, கீழே இரண்டு ஆணியைத் தளர்த்தி, அலகைத் தாங்கும் இரும்பை நகர்த்த வேண்டும். சின்னப் பிள்ளைகள் இதைச் செய்யமாட்டார்கள்.

இந்த நாட்டிலேயே நல்லது இருக்கிறது. ரிஃபோர்ம் புட்ஸ்ஹோபல் என்ற மரச் சீவுளியில், வாய்க்கு முன்னால் உள்ள அடித்துண்டு தனியாக நகரும். ஆணியைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கினால் சரி. ஒரு கைக்குள் அடங்கும் சிறிய இரும்புச் சீவுளிகளிலும் முன்குமிழைத் திருகி வாயை மாற்றும் வகை உண்டு. பழைய சாமான் சந்தையிலும் இவை கிடைக்கும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அலகைக் கழற்றாமல் வாயை மாற்ற முடியுமா? இறுக்கிய பின் நகரும் துண்டு அடியோடு சமமாய் இருக்கிறதா? நேரான அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். வாயின் விளிம்பு அலகுக்கு நேராக நிற்கிறதா? இன்னொன்று: வாயை ஒடுக்குமுன் அலகை உள்ளே இழுங்கள். இல்லாவிட்டால் இரும்பில் முட்டி அலகின் கூர் உடையும். கூரில்லாத அலகுக்கு எந்த வாயும் உதவாது என்பதையும் மறவாதீர்கள்.

ஐந்து மலிவுச் சீவுளி வாங்குவோம் என்று நிர்வாகத்தில் ஒரு கதை இருக்கிறது. வேண்டாம். இரண்டு வாங்குவோம், நல்லதாய் வாங்குவோம், மாறி மாறிப் பழகட்டும். பலகை பிய்ந்தால் பிள்ளை, "எனக்கு இது வராது" எண்டு வைத்துவிட்டுப் போய்விடும். பிழை சாமானில் என்று அதற்கு யார் சொல்வது? எனக்குச் சொல்ல அப்பா இருந்தார்.

பிறகு ஒரு புட்ஸ்ஹோபல் வாங்கி, வாயை ஒடுக்கி, அதே பலகையைப் போனுக்குக் கிட்டப் பிடித்துச் சீவினேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "இப்ப சரி" எண்டார். அந்த மேசையில்தான் மகள் இன்று தமிழ் எழுதுகிறாள்.